ஸ்பிரிங் டிரெய்னிங் ஆட்டங்களை வைத்து ஒரு பேஸ்பால் வீரரை எடைபோடுவது எப்படி?

2018 மார்ச். பருவம் தொடங்குமுன் பயிற்சி ஆட்டங்கள் நடக்கும் ஸ்பிரிங் டிரெய்னிங் காலம். ஜப்பானிலிருந்து புதிதாக வந்திருந்த ஷோஹெய் ஓடானி, அரிசோனாவில் ஏஞ்சல்ஸ் அணிக்காகப் பயிற்சி ஆட்டங்களில் ஆடிக்கொண்டிருந்தார். பேட்டராக 32 வாய்ப்பில் 4 ஹிட், சராசரி 0.125. பிட்சராக, அதாவது பந்து வீசுபவராக, மூன்று இன்னிங்ஸ்கூட முழுதாக வீசாத நிலையில் ஈ.ஆர்.ஏ. 27.00. (ஈ.ஆர்.ஏ. என்பது, ஃபீல்டர்களின் பிழையால் வந்தவற்றை விட்டுவிட்டு, ஒரு பிட்சர் 9 இன்னிங்ஸுக்கு எத்தனை ரன் கொடுக்கிறார் என்ற சராசரி. 3-ஐ ஒட்டி இருந்தால் நல்ல பிட்சர்.) இவரை மேஜர் லீக்குக்குக் கீழ்மட்டமான மைனர் லீக்குக்கு அனுப்பிப் பழக்க வேண்டும் என்று பலர் பேசினார்கள். அந்த ஆண்டு முடிந்தபோது ஓடானியிடம் 22 ஹோம்ரன்கள், 0.285 சராசரி, பிட்சராக 4 வெற்றிகள், அமெரிக்கன் லீக்கின் சிறந்த புதுமுகம் விருது எல்லாம் இருந்தன.

இதற்கு நேர்மாறாகவும் நடந்திருக்கிறது. 2013 மார்ச்சில் பாஸ்டன் ரெட் சாக்ஸின் இளம் வீரர் ஜாக்கி பிராட்லி ஜூனியர் 0.419 அடித்தார். அந்த வேகத்தில் முதல் நாள் அணியிலேயே இடம் கிடைத்தது. அந்தப் பருவத்தில் மேஜர் லீக்கில் அவர் அடித்த சராசரி 0.189.

அப்படியானால் மார்ச் மாத எண்களைத் தூக்கிப் போட்டுவிடலாமா? வேண்டாம். அவற்றில் விஷயம் இருக்கிறது. ஆனால் நாம் வழக்கமாகப் பார்க்கும் இடத்தில் இல்லை. எங்கே பார்ப்பது என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன். பேஸ்பால் விதிகள் ஓரளவு தெரிந்திருந்தால் போதும்.

முதலில் களத்தைப் பற்றிக் கொஞ்சம்

பிப்ரவரி நடுவில் பிட்சர்களும் கேட்சர்களும் முதலில் முகாமுக்கு வருவார்கள். சில நாள் கழித்து மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். பிப்ரவரி கடைசியிலிருந்து மார்ச் கடைசி வரை ஒவ்வோர் அணிக்கும் ஏறக்குறைய 30 ஆட்டங்கள். 15 அணிகள் ஃபுளோரிடாவில் ஆடும், அது கிரேப்ஃப்ரூட் லீக். மீதி 15 அணிகள் அரிசோனாவில், அது கேக்டஸ் லீக். இந்த ஆட்டங்களின் வெற்றி தோல்வி பருவத்தின் புள்ளிப் பட்டியலில் ஏறாது. முகாமுக்கு வந்த பெருங்கூட்டத்திலிருந்து 26 பேரைத் தேர்ந்தெடுத்து அணி பருவத்தைத் தொடங்கும்.

படி 1: இவர் இங்கே எதற்காக ஆடுகிறார் என்று கேளுங்கள்

புதிதாகப் பார்க்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். என் கணக்கில் எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம்.

முகாமில் இருப்பவர்கள் ஒரே வேலைக்கு வந்தவர்கள் இல்லை. இடம் உறுதியான மூத்த பிட்சர் ஒருவர் மூன்று இன்னிங்ஸ் முழுக்க சேஞ்ச்அப்பையே (வேகம் குறைத்து ஏமாற்றும் பந்து) வீசிப் பார்ப்பார். அடி வாங்குவார், அதைப் பொருட்படுத்தவும் மாட்டார். அன்று அவர் வந்தது அந்தப் பந்தின் பிடியைச் சரிசெய்ய. அவர் கொடுத்த ஐந்து ரன்னை வைத்து அவரை அளந்தால், நெட் பயிற்சியில் எத்தனை முறை அவுட் ஆனார் என்று எண்ணி ஒரு பேட்ஸ்மேனை ஒதுக்குவது போல ஆகிவிடும்.

அடுத்த வகை, கடைசி இரண்டு மூன்று இடங்களுக்காகப் போராடுபவர்கள். 40 பேர் கொண்ட அணிப் பட்டியலில்கூட இல்லாமல், அழைப்பின் பேரில் முகாமுக்கு வந்தவர்கள் இவர்களில் நிறைய. இவர்களுக்கு ஒவ்வொரு பந்தும் வாழ்க்கை. முதல் நாளிலிருந்தே முழு வேகத்தில் ஆடுவார்கள். நான் மார்ச் ஆட்டங்களை விடாமல் பார்ப்பது முக்கியமாக இவர்களுக்காகத்தான். பத்து வருடம் மைனர் லீக்கில் பேருந்தில் அலைந்த ஒருவரை நாலு நாள் சராசரியை மட்டும் வைத்து முடித்துவிடுவது நியாயமில்லை.

மூன்றாவது, அனுபவத்துக்காக வந்திருக்கும் சின்னப் பையன்கள். நன்றாக ஆடினாலும் பெரும்பாலும் திருப்பி அனுப்பப்படுவார்கள். ஆனால் விதிவிலக்கு உண்டு. 2001-இல் ஆல்பர்ட் புஹோல்ஸ் மைனர் லீக்கில் ஒரே ஒரு வருடம் ஆடிவிட்டுத்தான் கார்டினல்ஸ் முகாமுக்கு வந்தார். அவரைத் திருப்பி அனுப்பவே இல்லை. அந்த வருடம் 37 ஹோம்ரன்.

இன்னொன்றும் மனதில் இருக்கட்டும். யார் அணியில் இடம் பிடித்தார் என்பது யார் நன்றாக ஆடினார் என்பதற்குச் சான்று ஆகாது. 2015-இல் சிகாகோ கப்ஸின் கிரிஸ் பிரையன்ட் மார்ச்சில் 9 ஹோம்ரன் அடித்தார், சராசரி 0.425. அவரை மைனர் லீக்குக்கு அனுப்பினார்கள். தற்காப்பு ஆட்டம் மெருகேற வேண்டும் என்று அணி காரணம் சொன்னது. வெளியே எல்லோரும் பேசியது ஒப்பந்தக் கணக்கைப் பற்றி. ஒரு பருவத்தில் 172 நாள் மேஜர் லீக்கில் இருந்தால் அது முழு வருடமாகக் கணக்கில் ஏறும். தொடக்கத்தில் சில நாள் தள்ளிப்போட்டால், வீரர் அணியின் கட்டுப்பாட்டில் இன்னும் ஒரு வருடம் இருப்பார். பிரையன்ட் ஏப்ரல் 17-இல் வந்தார், நேஷனல் லீக்கின் சிறந்த புதுமுகம் ஆனார்.

படி 2: எதிரே நின்றது யார்?

மார்ச் தொடக்கத்தில் நட்சத்திரங்கள் இரண்டு மூன்று முறை பேட் பிடித்துவிட்டு, ஐந்தாவது இன்னிங்ஸுக்குள் உடை மாற்றப் போய்விடுவார்கள். அதற்கப்புறம் முதுகில் 80, 90 என்று பெரிய எண் போட்ட இளைஞர்கள் இறங்குவார்கள். எட்டாவது இன்னிங்ஸில் அடித்த ஹோம்ரன், நேற்று வரை மைனர் லீக்கின் கீழ்ப்படியான சிங்கிள்-ஏ மட்டத்தில் வீசியவரின் பந்தில் வந்ததாக இருக்கலாம். முதல் இன்னிங்ஸில் ஒரு சிறந்த ஸ்டார்ட்டரை (ஆட்டத்தைத் தொடங்கி வீசும் பிட்சர்) எட்டு பந்து வீசவைத்துவிட்டு அவுட் ஆனது அதைவிட மதிப்புள்ளதாக இருக்கலாம்.

சில அணிகள் ஒரே நாளில் இரண்டாகப் பிரிந்து இரண்டு ஊர்களில் ஆடும். அன்றைக்கு எதிரணியின் பெயரை மட்டும் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். ஆட்ட அட்டையைத் திறந்து யார் இறங்கினார்கள் என்று பாருங்கள்.

இதற்கு ஒரு குறுக்குவழி உண்டு. பேஸ்பால் ரெஃபரன்ஸ் தளத்தின் ஸ்பிரிங் டிரெய்னிங் பக்கத்தில், ஒவ்வொரு வீரரும் சந்தித்த எதிராளிகளின் தரத்தை ஒரே எண்ணாகத் தந்திருப்பார்கள். 10-ஐ ஒட்டி இருந்தால் மேஜர் லீக் தரம். 8 என்றால் அதற்கு ஒரு படி கீழே, டிரிபிள்-ஏ. ஒருவர் 0.380 அடித்திருக்கிறார், எதிராளி தரமோ 7.5 என்றால், அந்த 0.380-ஐப் பார்த்து மயங்க வேண்டாம்.

படி 3: ஊரைப் பாருங்கள்

இது சின்ன விஷயம்தான். அரிசோனாவின் காற்று வறண்டது, ஃபீனிக்ஸ் சுற்றுவட்டாரம் கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் அடிக்கு மேலே இருக்கிறது. அங்கே பந்து தூரம் போகும், வளைய வேண்டிய கர்வ்பால் அவ்வளவாக வளையாது. ஃபுளோரிடா ஈரப்பதமான கடலோர நிலம். ஆகவே அரிசோனா பேட்டரின் ஹோம்ரன்களில் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள், அங்கே அடி வாங்கிய பிட்சருக்குக் கொஞ்சம் சலுகை கொடுங்கள்.

படி 4: சராசரியை மூடிவைத்துவிட்டு ஸ்ட்ரைக்அவுட்டையும் வாக்கையும் எண்ணுங்கள்

மார்ச் முழுக்க ஆடினாலும் ஒருவருக்குக் கிடைப்பது 50, 60 வாய்ப்புகள்தான். 50 வாய்ப்பில் 13 ஹிட் என்றால் 0.260, 16 ஹிட் என்றால் 0.320. சுமாரான பேட்டரையும் நட்சத்திரத்தையும் பிரிப்பது மூன்றே மூன்று ஹிட். அதில் ஒன்று பேட்டின் நுனியில் பட்டுத் தடுப்பாளர்களுக்கு நடுவே விழுந்ததாக இருக்கும், ஒன்று வெயிலில் கண் கூசி ஃபீல்டர் விட்டதாக இருக்கும். நிகழ்தகவுக் கணக்கைப் போட்டால், உண்மையில் 0.260 தரமுள்ள ஒருவர் 50 வாய்ப்பில் 0.200 முதல் 0.320 வரை எங்கே நின்றாலும் அது வெறும் அதிர்ஷ்டத்தின் எல்லைக்குள்தான்.

சரி, எதை நம்புவது? ரஸ்ஸல் கார்ல்ட்டன் என்ற ஆய்வாளர், எந்தப் புள்ளிவிவரம் எத்தனை வாய்ப்புக்குப் பிறகு வீரரின் இயல்பைக் காட்டத் தொடங்குகிறது என்று கணக்கிட்டார். பேட்டிங் சராசரிக்கு ஏறக்குறைய 910 வாய்ப்புகள் வேண்டும், அதாவது ஒன்றரைப் பருவத்துக்கு மேல். வாக்குக்கு (நான்கு தவறான பந்துகள் வந்ததால் முதல் பேஸுக்கு இலவசமாகப் போவது) 120. ஸ்ட்ரைக்அவுட்டுக்கு (மூன்று ஸ்ட்ரைக் ஆகி அவுட் ஆவது) 60 போதும். இந்த 60 ஒன்றுதான் மார்ச் மாதத்துக்குள் எட்டக்கூடிய எண்.

காரணம் யோசித்தால் எளிது. அடித்த பந்து எங்கே விழும் என்பதில் காற்று, ஃபீல்டர், தரை என்று பல கைகள் உண்டு. மோசமான பந்தை விட்டுவிடுவதும், நல்ல பந்தில் பேட்டைத் தொடவைப்பதும் பெரும்பாலும் பேட்டர் கையில்தான். போன வருடம் நான்கு வாய்ப்புக்கு ஒரு முறை ஸ்ட்ரைக்அவுட் ஆனவர், இந்த மார்ச்சில் ஏழுக்கு ஒரு முறைதான் ஆகிறார் என்றால் நிமிர்ந்து உட்காருங்கள். ஏதோ மாறியிருக்கிறது.

என்ன மாறியது என்று தேட கண்தான் வேண்டும். ஓடானி கதையில் எல்லோரும் 0.125-ஐப் பற்றியே பேசிக்கொண்டிருந்த மார்ச் கடைசியில், அவர் முன்காலைத் தூக்கி அடிக்கும் பழக்கத்தை விட்டுவிட்டு, குதிகாலை மட்டும் லேசாக எழுப்பி அடிக்கத் தொடங்கினார். மேஜர் லீக்கின் வேகத்துக்கு நேரம் போதவில்லை என்று உணர்ந்து செய்த மாற்றம் அது. ஏப்ரல் முதல் வாரத்தில், சொந்த மைதானத்தில் அவர் ஆடிய முதல் மூன்று ஆட்டங்களிலும் ஹோம்ரன் வந்தது. பேட்டரின் நிற்கும் நிலை, கால், கை வைக்கும் உயரம் இவற்றைப் போன வருடக் காணொளியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பத்து நிமிட வேலை.

படி 5: பிட்சருக்கு வேறு அளவுகோல்

பிட்சரிடம் முதலில் பார்க்க வேண்டியது ஃபாஸ்ட்பாலின் வேகம். ரன்களை நம்பப் பல மாதம் ஆகும், வேகத்தை அறிய ஓர் ஆட்டமே போதும். பேஸ்பால் சாவன்ட் தளத்தில் பல மார்ச் ஆட்டங்களின் வேக அளவுகள் கிடைக்கும்.

ஒரு எச்சரிக்கை. மார்ச் முதல் வாரத்து வேகத்தைப் போன செப்டம்பரோடு ஒப்பிடாதீர்கள். குளிர்கால ஓய்வுக்குப் பின் கை மெதுவாகத்தான் சூடேறும். போன மார்ச்சில் எவ்வளவு வீசினார் என்று பாருங்கள். அதைவிட மணிக்கு இரண்டு மைல் கூடியிருந்தால் நல்ல சேதி. இரண்டு மைல் குறைந்து, மாதக் கடைசியிலும் ஏறவில்லை என்றால் கவலைப்பட வேண்டும். தோளிலோ முழங்கையிலோ பிரச்சினை இருக்கலாம்.

அடுத்தது ஸ்ட்ரைக்அவுட். பிட்சருக்கு இது ஏறக்குறைய 70 பேட்டர்களைச் சந்தித்தபின் பேசத் தொடங்கும். ஒரு ஸ்டார்ட்டர் மார்ச்சில் அதைத் தொட்டுவிடுவார். முதல் ஆட்டத்தில் ஓரிரு இன்னிங்ஸ் வீசுவார், மாதக் கடைசியில் ஐந்து வரை போவார். அப்புறம், புதிய பந்து ஏதாவது இருக்கிறதா? போன வருடம் ஸ்லைடர் (பக்கவாட்டில் விலகும் பந்து) வீசாதவர் இப்போது பத்துக்கு மூன்று வீசுகிறாரா? இதை ஈ.ஆர்.ஏ. சொல்லாது.

பயிற்சி ஆட்டத்தில் பிட்சரைப் பாதி இன்னிங்ஸில் எடுத்துவிட்டு அடுத்த இன்னிங்ஸில் மறுபடி இறக்குவதும் உண்டு. பந்து எண்ணிக்கைக்காகச் செய்வது அது. மோசமாக வீசினார், துரத்தினார்கள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

படி 6: பழைய கணக்கோடு சேர்த்துக் கூட்டுங்கள்

இங்கேதான் கால்குலேட்டர் வேண்டும். ஒரு வீரர் போன வருடம் 450 வாய்ப்பில் 117 ஹிட் அடித்தார், 0.260. மார்ச்சில் 50 வாய்ப்பில் 20 ஹிட், 0.400. இரண்டையும் சேர்த்தால் 500-க்கு 137, அதாவது 0.274. ஊரெல்லாம் கொண்டாடும் 0.400, உங்கள் மதிப்பீட்டை 14 புள்ளிதான் (0.014) நகர்த்தியிருக்கிறது. எதிராளி தரம் குறைவு என்று பார்த்தால் அதுவும் அதிகம்.

ஸ்ட்ரைக்அவுட்டையும் இப்படியே செய்யுங்கள். போன வருடம் 500-க்கு 125, இந்த மார்ச்சில் 60-க்கு 9. சேர்த்தால் 560-க்கு 134, ஏறக்குறைய 24 சதவீதம். 25-லிருந்து 24. கூட்டலில் இதுவும் சின்ன நகர்வுதான். ஆனால் இந்த நகர்வை நான் குறைத்துக்கொள்வதில்லை. ஆட்டமுறையிலும் மாற்றம் கண்ணுக்குத் தெரிந்தால் இன்னும் ஒன்றிரண்டு சதவீதம் துணிந்து இறக்குவேன்.

படி 7: நோட்டில் எழுதிவையுங்கள்

ஐந்து வீரர்களைத் தேர்ந்தெடுங்கள், அதற்கு மேல் வேண்டாம். இரண்டு பேராவது அழைப்பின் பேரில் வந்தவர்களாக இருக்கட்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம்: எதற்காக ஆடுகிறார், எதிராளி தரம், ஸ்ட்ரைக்அவுட், வாக், பிட்சர் என்றால் வேகம், கண்ணில் பட்ட மாற்றம். பேட்டிங் சராசரிக்கும் ஈ.ஆர்.ஏ.வுக்கும் பக்கத்தில் இடமே விடாதீர்கள்.

மார்ச்சின் கடைசிப் பத்து நாள் ஆட்டங்களைக் கூடுதல் கவனத்தோடு பாருங்கள். அப்போது நட்சத்திரங்கள் ஏழெட்டு இன்னிங்ஸ் களத்தில் நிற்பார்கள், எதிராளி தரமும் ஏறியிருக்கும். பருவத்தின் முதல் ஆட்டத்துக்கு முந்தைய இரவு, ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் உங்கள் கணிப்பை ஒரே வரியில் எழுதித் தேதி போடுங்கள். மே கடைசியில் அந்த ஐந்து பக்கங்களையும் திறந்து, எந்தக் குறிப்பு பலித்தது என்று பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த பிப்ரவரியில் அதே நோட்டோடு உட்காரலாம்.