நீக்கிய கணக்கில் மிச்சமிருந்த குரல்கள்

வேலையை விட்டுப் போன ஒருவரின் வாய்ஸ்மெயில் கணக்கை எங்கள் அலுவலகத் தொலைபேசி அழைப்புகளைக் கையாளும் ஆஸ்டரிஸ்க் சர்வரில் நீக்கினேன். அமைப்புக் கோப்பில் அவருடைய வரியை எடுத்துவிட்டு ரீலோட் செய்தேன். சரி, வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

அதே எண்ணைப் புதிதாக வந்தவருக்குக் கொடுத்தபோதுதான் தெரிந்தது: பழையவரின் வாழ்த்துக் குரலும் அவருக்கு வந்த செய்திகளும் அப்படியே இருந்தன. கணக்குப் போனாலும் ஒலிக்கோப்புகள், செய்திகளைச் சேமித்து வைக்கும் ஸ்பூல் கோப்புறையில் தங்கிவிடுகின்றன. யாரோ நம்பிச் சொன்னதை வேறொருவர் கேட்டுவிட்டாரே என்று எனக்கு மனசே ஆறவில்லை.

இப்போது யாராவது வேலையை விட்டுப் போனால், முதலில் அவருடைய வாய்ஸ்மெயில் கடவு எண்ணை மாற்றி, அவருக்கு வரும் அழைப்புகளை வேறொருவருக்குத் திருப்புகிறேன். ஒரே அழைப்புக்குப் பல போன்கள் ஒலிக்கும் ரிங் குரூப்பிலும், அழைப்பவர் எண்ணை அழுத்தித் தேர்வுசெய்யும் வரவேற்பு மெனுவிலும் அவருடைய தொலைபேசி எண் ஒளிந்திருக்கிறதா என்று தேடுகிறேன். பலரும் மறப்பது இதைத்தான். அப்புறம் தேவையான செய்திகளை மேலாளர் ஒப்புதலோடு நகலெடுத்து, கணக்கை நீக்கி, கடைசியில் கோப்புறையையும் அழிக்கிறேன். எண்ணை ஒரு மாதமாவது யாருக்கும் கொடுப்பதில்லை.