முதல் ரைஃபிளுக்கு எந்தக் காலிபர்? புதியவர்களுக்கான செய்முறை விளக்கம்

பொழுதுபோக்காகக் குறிபார்த்துச் சுடப் பழகுபவர்கள் காலிபரை, அதாவது குழலின் உள்விட்டத்தை வைத்துப் பெயரிடப்படும் தோட்டா அளவை, தேர்ந்தெடுக்கும்போது தோட்டாவின் வலிமையைத்தான் முதலில் பார்க்கிறார்கள். நான் அதைக் கடைசியில் பார்க்கச் சொல்வேன். எவ்வளவு தொலைவில் சுடப்போகிறீர்கள், ஒரே அமர்வில் நூறு தோட்டாக்களைச் சலிப்பும் வலியும் இல்லாமல் சுட உங்கள் தோளும் கைப்பணமும் இடம் தருமா என்ற இரு கேள்விகளுக்கும் நேர்மையாக விடை சொல்லிக்கொண்டால், காலிபர் ஏறத்தாழத் தானாகவே முடிவாகிவிடும். உரிமம், பூட்டிவைக்கும் பெட்டகம், துப்பாக்கியைக் கையாளும் அடிப்படை விதிகள் ஆகியவற்றை ஒரு பயிற்சியாளரிடம் நீங்கள் ஏற்கெனவே கற்றிருக்கிறீர்கள் என்று கொண்டே தொடங்குகிறேன்.

படி 1: சுடுதளத்தின் விதிகளைக் கேட்டறியுங்கள்

துப்பாக்கியை வாங்குவதற்கு முன் இதைச் செய்துவிட வேண்டும். உள்ளரங்குத் தளங்கள் பலவற்றில் ரிம்ஃபயர் தோட்டாக்களுக்கு (பற்றவைக்கும் மருந்து அடிப்பகுதியின் விளிம்பில் இருப்பவை; .22 லாங் ரைஃபிள் இவ்வகை) மட்டுமே அனுமதி உண்டு. வேறு சில தளங்களில், எஃகு கலந்த குண்டு (தோட்டாவிலிருந்து பறந்து செல்லும் முனைப்பகுதி), தடுப்புச் சுவரைச் சேதப்படுத்தும் என்பதால், தோட்டாவின் முனையில் காந்தம் ஒட்டுகிறதா என்று பார்த்த பிறகே உள்ளே விடுவார்கள். உங்களுக்குக் கிடைக்கும் தளம் 50 மீட்டர்தான் என்றால், 800 மீட்டருக்கு ஏற்ற தோட்டாவை வாங்குவதில் பொருளில்லை.

படி 2: பின்னுதைப்பைக் கணக்கிடுங்கள்

1887-இல் அறிமுகமான .22 லாங் ரைஃபிள் தோட்டாவின் குண்டு வழக்கமாக 40 கிரெயின், அதாவது சுமார் 2.6 கிராம் எடையுள்ளது. குழல்வாயில் அதன் ஆற்றல் ஏறத்தாழ 140 முதல் 190 ஜூல். .223 ரெமிங்டனில் இது சுமார் 1,700 ஜூல், .308 வின்செஸ்டரில் சுமார் 3,500 ஜூல். ஆனால் தோளில் விழும் உதை இதே விகிதத்தில் கூடுவதில்லை. குண்டின் எடையும் வேகமும், வெடிமருந்தின் அளவும், துப்பாக்கியின் எடையும் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கின்றன. ஒரே எடையுள்ள துப்பாக்கிகளை ஒப்பிட்டால், .223-இன் உதையைப் போல் நான்கைந்து மடங்கு .308-இல் கிடைக்கும்; .22-இல் உதை என்று சொல்லத்தக்க ஒன்று இல்லை.

புதியவருக்கு இது ஏன் முக்கியம் என்றால், உதைக்கு அஞ்சும் உடல் விசை அழுந்துவதற்குச் சற்று முன்பே இறுகிவிடுகிறது; கண் மூடுகிறது, தோள் முன்னே தள்ளுகிறது, குண்டு குறிக்குக் கீழே போகிறது. இந்தப் பழக்கம் ஒருமுறை படிந்துவிட்டால் நீக்குவது கடினம். உங்களிடம் அது படிந்திருக்கிறதா என்று அறிய, நண்பர் ஒருவரை மருந்தில்லாத போலித் தோட்டாக்களை உண்மையானவற்றுடன் கலந்து மேகசினில், அதாவது துப்பாக்கியில் தோட்டாக்களை அடுக்கிவைக்கும் கூட்டில், நிரப்பித் தரச் சொல்லுங்கள். போலித் தோட்டா வரும்போது குழல்முனை துள்ளினால் அது உங்கள் உடலின் வேலையே தவிர, துப்பாக்கியின் வேலை அன்று.

எனவே என் பரிந்துரை .22 லாங் ரைஃபிள். ஒலிம்பிக் 50 மீட்டர் ரைஃபிள் போட்டியிலும் இதே தோட்டாதான் பயன்படுகிறது என்பதால், இதைப் பிள்ளைகளின் விளையாட்டுப் பொருள் என்று எண்ண வேண்டாம். பல தயாரிப்பாளர்கள் பெட்டியின் மேலேயே 1.5 மைல் வரை ஆபத்து என்று அச்சிடுகிறார்கள். காதுக்காப்பும் கண்ணாடியும் இதற்கும் வேண்டும்.

படி 3: குழலில் பொறித்திருப்பதையும் பெட்டியில் அச்சிட்டிருப்பதையும் ஒப்பிடுங்கள்

நான் அதிக நேரம் தடுமாறி நின்றது இந்தப் படியில்தான். ஆகவே இங்கே சற்று நீட்டியே எழுதுகிறேன். காலிபர் என்பது குழலின் விட்டம் என்று எல்லா அறிமுகக் கட்டுரைகளும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. அது உண்மைதான், ஆனால் தோட்டா வாங்கும்போது அந்த எண் மட்டும் போதாது. .22 லாங் ரைஃபிள், .22 வின்செஸ்டர் மேக்னம், .22 ஹார்னெட், .223 ரெமிங்டன், 5.56 நேட்டோ ஆகிய ஐந்திலும் குண்டின் விட்டம் ஏறத்தாழ 5.7 மில்லிமீட்டர்தான். மாறுபடுவது உறையின் (குண்டையும் வெடிமருந்தையும் தாங்கும் உலோகக் கூட்டின்) நீளமும் பருமனும், அதற்குள் எழும் அழுத்தமும். துப்பாக்கியில் அந்த உறை அமரும் அறை ஒரேயொரு தோட்டாவுக்காகக் கடையப்பட்டது. ஆகவே நீங்கள் தேட வேண்டியது எண்ணை அன்று, முழுப் பெயரை.

உள்ளே நுழைந்துவிடுகிறது என்பது பொருந்துகிறது என்பதற்குச் சான்று ஆகாது. .22 மேக்னம் அறைக்குள் .22 லாங் ரைஃபிள் தோட்டா எளிதாகச் சென்றுவிடும். ஆனால் அதன் உறை மெலிந்தது என்பதால் சுடும்போது சுவரின் தாங்குதல் இல்லாமல் வீங்கிப் பிளக்கக்கூடும். .223-உம் 5.56-உம் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் 5.56 அறையில், குண்டைச் சுழலவைக்கக் குழலுக்குள் வெட்டியுள்ள வரிப்பள்ளங்களைக் குண்டு தொடுவதற்கு முன் சற்றுக் கூடுதல் இடைவெளி விடப்பட்டிருக்கும். அதனால் 5.56 என்று பொறித்த துப்பாக்கியில் .223-ஐச் சுடலாம்; .223 என்று மட்டும் பொறித்த துப்பாக்கியில் 5.56-ஐச் சுட்டால் அழுத்தம் வரம்பு மீறக்கூடும். .223 வைல்ட் என்ற பொறிப்பு இருந்தால் இரண்டையும் பயன்படுத்தலாம்.

இவை எல்லாவற்றையும்விட ஆபத்தானது .300 பிளாக்அவுட். .223-இன் உறையைக் குறுக்கி, 7.8 மில்லிமீட்டர் குண்டைப் பொருத்தி உருவாக்கிய தோட்டா இது. .223-இன் மேகசினிலேயே இது அடங்கும், சில வகைகள் .223 அறைக்குள்ளும் சென்று, அறையின் பின்கதவு பூட்டிக்கொள்ளவும் செய்யும். அந்நிலையில் சுட்டால், பெரிய குண்டு சிறிய குழலுக்குள் போக வழியின்றித் துப்பாக்கியே வெடித்துப் பிளந்துவிடும். இவ்விரு வகைத் தோட்டாக்களையும் ஒரே மேசையில், ஒரே பையில், ஒரே நாளில் எடுத்துச் செல்லாதீர்கள். மேகசின்களில் வண்ண நாடா ஒட்டிக்கொள்கிறோம் என்று சிலர் சமாதானம் சொல்கிறார்கள். நாடா உரிந்துவிடும் என்பதால் அந்த ஏற்பாட்டை நான் நம்புவதில்லை.

செய்ய வேண்டியது இதுதான். துப்பாக்கி காலியாக இருப்பதை உறுதிசெய்துகொண்டு, குழலின் பின்பகுதியில் பொறித்திருப்பதை எழுத்துக்கு எழுத்து தாளில் எழுதிக்கொள்ளுங்கள். தோட்டாப் பெட்டியின் பெயரை அதனுடன் ஒப்பிடுங்கள். உறையின் அடிப்பகுதியிலும் அதே பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்; ரிம்ஃபயர் .22 தோட்டாக்களில் மட்டும் அங்கே பெரும்பாலும் தயாரிப்பாளரின் முத்திரை ஒன்றே இருக்கும். பழைய துப்பாக்கியாக இருந்தால், முன்னாள் உரிமையாளர் குழலை மாற்றியிருக்கவும் வாய்ப்புண்டு. ஆகவே துப்பாக்கிப் பழுதுநர் ஒருவரிடம் அறையை அளக்கச் செய்த பிறகே சுடுங்கள்.

படி 4: துப்பாக்கி, ஸ்கோப், தோட்டா

தொடக்கத்தில், ஒவ்வொரு முறை விசையை அழுத்திய பின்னும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் தானியங்கியைவிட, ஒவ்வொரு முறையும் கையால் இழுத்து மூடும் போல்ட் வகையையே நான் விரும்புகிறேன். தானியங்கியான ரூகர் 10/22 நல்ல துப்பாக்கிதான், 1964 முதல் விற்பனையில் இருக்கிறது. ஆனால் மேகசின் நிறைந்திருந்தால் புதியவரின் விரல் அவசரப்படுகிறது. சி.இசட். 457 போன்ற போல்ட் துப்பாக்கி ஒவ்வொரு குண்டுக்கும் இடையில் சிந்திக்கக் கட்டாயப்படுத்துகிறது.

ஸ்கோப் (துப்பாக்கியின் மேல் பொருத்தும் குறிபார்க்கும் தொலைநோக்கி) வாங்கும்போது அது ரிம்ஃபயருக்கானதா என்று கேளுங்கள். சென்டர்ஃபயருக்கான (பற்றவைக்கும் மருந்து அடியின் நடுவில் இருக்கும் .223, .308 போன்ற தோட்டாக்களுக்கான) சாதாரண ஸ்கோப்புகளில் பாரலாக்ஸ் 100 கெஜத்துக்கோ அதற்கு மேலோ சரிசெய்யப்பட்டிருக்கும். அதனால் 50 மீட்டரில் கண் சற்று அசைந்தாலும் குறுக்குக்கோடு குறியின் மேல் நகர்வதுபோல் தெரியும்.

தோட்டாவில் வேகம் மிகுந்ததை நாடாதீர்கள். ஒலியின் வேகத்தைக் கடந்து புறப்படும் .22 குண்டு, வழியிலேயே வேகம் குறைந்து அந்த எல்லையைத் திரும்பக் கடக்கும்போது தடுமாறுகிறது. போட்டித் தோட்டாக்கள் ஒலிவேகத்துக்குக் கீழேயே அமைக்கப்படுவதற்கு இதுவே காரணம். ஒவ்வொரு குழலுக்கும் ஒவ்வொரு தோட்டா ஒத்துவரும் என்பதால், நான்கைந்து வகைகளில் ஒவ்வொரு பெட்டி வாங்கி, மணல்மூட்டையில் துப்பாக்கியைத் தாங்கவைத்து, ஐந்தைந்து குண்டுகளாகச் சுட்டுப் பாருங்கள். வகையை மாற்றும்போது முதல் பத்துக் குண்டுகளைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். குண்டின் மேல் பூசப்பட்ட மெழுகு வகைக்கு வகை மாறுபடுவதால், புதிய பூச்சு குழலுக்குள் படிந்த பிறகே குண்டுகள் எவ்வளவு நெருக்கமாகப் படுகின்றன என்பது உண்மையில் தெரியும்.

படி 5: இரண்டாவது காலிபர்

50 மீட்டரில் குறியில் படுமாறு ஸ்கோப்பைச் சரிசெய்த .22, 100 மீட்டரில் சுமார் ஒரு சாண் கீழே விழும். காற்றும் அதை எளிதாகத் தள்ளும். 200 மீட்டர் வரை பழக விரும்பினால் .223-ஐயும், அதற்கும் அப்பால் செல்ல விரும்பினால் 2007-இல் வந்த 6.5 கிரீட்மோரையும் பாருங்கள். பின்னதன் உதை .308-ஐவிடக் குறைவு, காற்றில் விலகலும் குறைவு.

பிற்சேர்க்கை

வாசகர் ஒருவர், தாம் வாங்கிய .22 தானியங்கியில் மெதுவான தோட்டாக்களைப் போட்டால் உறை வெளியே வராமல் சிக்கிக்கொள்வதாகத் தெரிவித்திருந்தார். பழுது இல்லாத துப்பாக்கியிலும் இது நேரும். உறையை வெளியேற்றும் பாகத்தைப் பின்னே தள்ளும் ஆற்றல் சில மெதுவான தோட்டாக்களில் போதுமானதாக இருப்பதில்லை. அத்தகைய துப்பாக்கிக்கு அதிவேகத் தோட்டாவே சரி.

விசை அழுந்தியும் தோட்டா வெடிக்காவிட்டால் என்ன செய்வது என்று வேறு சிலர் கேட்டிருந்தார்கள். ரிம்ஃபயரில் பற்றவைக்கும் மருந்து உறையின் விளிம்பில் சீராகப் பரவாமல் போவதால் இது அவ்வப்போது நிகழும். குழலைக் குறியின் பக்கமே வைத்தபடி முப்பது விநாடி காத்திருந்து, பிறகு கதவைத் திறந்து தோட்டாவை எடுங்கள். வெடித்தும் ஒலி வழக்கத்தைவிட மெலிந்து கேட்டால் அடுத்த தோட்டாவைச் சுடவே கூடாது. குண்டு குழலுக்குள் தங்கியிருக்கலாம். துப்பாக்கியைக் காலிசெய்து, தளப் பொறுப்பாளரை அழைத்து, குழலில் அடைப்பில்லை என்று உறுதியான பிறகே மீண்டும் தொடருங்கள்.