யூகேல வீட்டு வாசலுக்கு வர்ற சாரிட்டி (தொண்டு நிறுவன) பை, லெட்டர்பாக்ஸ் தொல்லை – புதுசா வந்தவங்க படிச்சுக்கோங்க

யூகே வந்து வாடகை வீடு கிடைச்சு கொஞ்ச நாள்லயே, வாசல் கதவுல இருக்கற லெட்டர்பாக்ஸ் வழியா ஒரு பிளாஸ்டிக் பை வந்து விழும். மேல ஒரு குழந்தை படம் இல்ல ரிப்பன் படம் இருக்கும், பழைய துணி, ஷூ, பெட்ஷீட் எல்லாம் இதுல போட்டு வியாழக்கிழமை காலைல 8 மணிக்குள்ள வெளிய வைங்கன்னு போட்டிருக்கும். பழைய துணிய போட்டு பிளாஸ்டிக் குடமும் எவர்சில்வர் கிண்ணமும் வாங்கி பழகின நமக்கு, சரி இங்க சும்மாதானே கேக்கறாங்க, யாரோ இல்லாதவங்களுக்கு போகட்டுமேன்னு தோணும். வைக்கறதுக்கு முன்னாடி அந்த பைய ஒரு தடவ முழுசா படிங்க.

படத்த விடுங்க, நம்பர தேடுங்க. நிஜமான சாரிட்டின்னா ரெஜிஸ்டர்ட் சாரிட்டி நம்பர் இருக்கும். ஏமாத்து பையில அதே எடத்துல ரெஜிஸ்டர்ட் கம்பெனி நம்பர்னு ஒன்னு இருக்கும், அது வெறும் வியாபார கம்பெனியோட நம்பர், இந்த ஊர்ல யார் வேணா கம்பெனி ஆரம்பிக்கலாம். பழைய துணி எடை போட்டு விக்கற சரக்கு, அதுக்குத்தான் இவ்ளோ போட்டி. ஏழை நாடுகளுக்கு உதவுறோம்னு பையில எழுதியிருப்பாங்க, உதவின்னா அங்க கொண்டுபோய் காசுக்கு விக்கறதும் அவங்க கணக்குல உதவிதான்! சில பையில நிஜ சாரிட்டி பேர் இருக்கும் ஆனா எடுக்கறது ஒரு தனியார் கம்பெனி, அது சட்டப்படி சரிதான், ஆனா சாரிட்டிக்கு எவ்ளோ போகுதுன்னு அவங்க சொல்லியாகணும்.

நம்பர சாரிட்டிங்கள பதிவு பண்ற அரசு அமைப்பான சாரிட்டி கமிஷன் வெப்சைட்ல போட்டா பேரும் கணக்கும் வந்துடும் (ஸ்காட்லாந்துக்கு தனி ரெஜிஸ்டர், நம்பர் எஸ்.சி.ன்னு ஆரம்பிக்கும்). பேர காப்பி அடிக்கறவங்களும் உண்டு, அதனால போன் பண்ணி கேக்கறதா இருந்தா ரெஜிஸ்டர்ல இருக்கற நம்பருக்கு பண்ணுங்க, பையில இருக்கறதுக்கு இல்ல. வீடு வீடா வசூல் பண்ண 1939ல இருந்தே இங்க சட்டம் இருக்கு, லோக்கல் கவுன்சில் லைசென்ஸ் வேணும், லண்டன்ல போலீஸ் லைசென்ஸ், பெரிய சாரிட்டிகளுக்கு மட்டும் நாடு முழுக்க விலக்கு.

என்ன கேட்டா பையவே மறந்துடுங்க. ஹை ஸ்ட்ரீட்ல (ஊரோட கடைத்தெருவுல) ஆக்ஸ்ஃபாம், பிரிட்டிஷ் ஹார்ட் ஃபவுண்டேஷன் மாதிரி சாரிட்டிங்களோட கடைங்க இருக்கு, நேரா கொண்டுபோய் கொடுங்க. சம்பளத்துல டாக்ஸ் கட்டறவங்கன்னா கிஃப்ட் எய்டுக்கும் கையெழுத்து போடுங்க, உங்க பொருள் வித்த ஒவ்வொரு பவுண்டுக்கும் கவர்மென்ட் கூடுதலா 25 பென்ஸ் அந்த சாரிட்டிக்கு கொடுக்கும், உங்களுக்கு ஒரு செலவும் கிடையாது.

ஆளே வந்து நிக்கறது வேற கதை. உண்டியலோட வந்தா சீல் வச்சிருக்கணும், பேட்ஜ் இருக்கணும். டேப்லெட்டோட வர்றவங்க மாசாமாசம் டைரக்ட் டெபிட் (பேங்க்லருந்து தானா காசு எடுக்கறது) கேப்பாங்க, வாசல்ல நின்னு பேங்க் டீட்டெய்ல் கொடுக்கணும்னு ஒரு கட்டாயமும் இல்ல, ஆன்லைன்ல பாத்துக்கறேன்னு சொல்லி கதவ சாத்தலாம், இங்க அத யாரும் மரியாதைக்குறைவா எடுத்துக்க மாட்டாங்க. அப்புறம் ஒரு பெரிய பையில டிஷ்க்ளாத், ஸ்பாஞ்ச் எல்லாம் போட்டுட்டு, ஜெயில்லருந்து வந்திருக்கேன், திருந்தி பொழைக்கறேன்னு ஒரு கார்டு காட்டற பசங்க வருவாங்க, இவங்களுக்கு நாட்டிங்ஹாம் நாக்கர்ஸ்னு பேரே இருக்கு. வீடு வீடா நடந்து பொருள் விக்க 1871 சட்டப்படி போலீஸ் கொடுக்கற பெட்லர் சர்டிஃபிகேட் வேணும், அத கேளுங்க, இல்லன்னா வேண்டாம்னுட்டு உள்ள போங்க, கதவு செயின எடுக்காதீங்க. நம்மாளே வந்து தமிழ்ல பேசி கோயிலுக்கு, ஊர்ல இருக்கற ஆசிரமத்துக்குன்னு கேட்டாலும் முதல் கேள்வி அதே சாரிட்டி நம்பர்தான், சங்கடமாத்தான் இருக்கும், கேளுங்க.

லெட்டர்பாக்ஸ் விஷயத்துக்கு வருவோம். பீட்சா மெனு, எஸ்டேட் ஏஜென்ட் நோட்டீஸ் போடற பசங்க பாதிய உள்ள தள்ளிட்டு பாதிய வெளிய நீட்டிட்டு போயிடுவாங்க. நீங்க ஊருக்கு போயிருக்கற நேரம் அது ரெண்டு நாள் அப்படியே நீட்டிட்டு இருந்தா வீட்ல ஆள் இல்லன்னு தெருவுக்கே தெரியும், பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டு போங்க. நோ ஜங்க் மெயில், நோ சாரிட்டி பேக்ஸ்னு ஸ்டிக்கர் ஒட்டினா நல்ல சாரிட்டிங்க மதிப்பாங்க, மீறினா சாரிட்டி வசூல கண்காணிக்கற ஃபண்ட்ரெய்சிங் ரெகுலேட்டர்கிட்ட புகார் பண்ணலாம். ஆனா ராயல் மெயில் போஸ்ட்மேன் கொண்டுவர்ற விளம்பரம் ஸ்டிக்கருக்கு நிக்காது, அதுக்கு அவங்ககிட்டயே தனியா ஃபார்ம் போடணும்.

ஷேர்ட் வீட்ல இருக்கறவங்க ரொம்ப உஷாரா இருங்க, எல்லார் லெட்டரும் ஹால்ல ஒரே குவியலா கெடக்கும், உங்க பேங்க் கார்டும் பின் நம்பரும் தனித்தனி கவர்ல வந்து அதுலயேதான் விழும். கார்டு வரவேண்டிய நாள் தாண்டினா உடனே பேங்க்குக்கு போன் போடுங்க. பழைய டெனன்ட் பேருக்கு வர்றத ஆர்வத்துல பிரிக்காதீங்க, அட்ரஸ் மேல கோடு போட்டு Return to Sender (அனுப்பினவங்களுக்கே திருப்பி)னு எழுதி போஸ்ட்பாக்ஸ்ல போட்டுடுங்க.

கூரியர்காரன் பார்சல வாசப்படியில போட்டுட்டு போட்டோ எடுத்துட்டு போய் அது காணாம போச்சுன்னா, கூரியர்கிட்ட பேசுங்கன்னு கடைக்காரன் சொல்லுவான், விடாதீங்க. 2015 கன்ஸ்யூமர் ரைட்ஸ் சட்டப்படி பொருள் உங்க கைக்கு வர்ற வரைக்கும் பொறுப்பு வித்தவனோடது, ஒத்துக்கலன்னா இலவசமா ஆலோசனை சொல்ற சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்போட நம்பர் 0808 223 1133. ஒரே விஷயம், ஆர்டர் பண்றப்ப சேஃப் பிளேஸ்னு குப்பைத்தொட்டி பக்கமோ பக்கத்து வீடோ நீங்களே கொடுத்திருந்தா அங்க வச்சதும் டெலிவரி ஆனதாதான் கணக்கு, அதனால அந்த கட்டத்த காலியா விட்டுடுங்க.