தானியம் இல்லாத அவசர ரொட்டி: எங்கே சொதப்புகிறது?

மைதா, கோதுமை வேண்டாம் என்று சொல்லிவிட்டு அரிசி மாவிலோ கேழ்வரகு மாவிலோ கை வைப்பதுதான் முதல் தவறு. அரிசி, ராகி, கம்பு எல்லாமே தானியம்தான், அவற்றில் குளூட்டன் (கோதுமை மாவுக்கு இழுவை தருகிற புரதம்) கிடையாது, அவ்வளவுதான். சுகர் என்று தானியத்தையே ஒதுக்குகிறவர்கள் வண்ணாரப்பேட்டைப் பக்கம் இப்போது வீட்டுக்கு ஒருவராவது இருக்கிறார்கள், அவர்களுக்குச் சரிப்படுவது பாதாம் மாவு.

அளவில் பெரிய ரகசியம் இல்லை. பாதாம் மாவு 3 மேசைக்கரண்டி, முட்டை 1, உருக்கிய வெண்ணெய் 1 மேசைக்கரண்டி, பேக்கிங் பவுடர் அரை டீஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு. கலக்கி ஒரு பெரிய மக்கில் ஊற்றி மைக்ரோவேவில் 90 விநாடி.

சொதப்பல் பெரும்பாலும் மாவில்தான். சௌகார்பேட்டையில் நல்ல பாதாமாக வாங்கி வருவார்கள், அப்புறம் பழக்கதோஷத்தில் ராத்திரியே ஊறவைத்துத் தோலை உரித்து ஈரத்தோடு மிக்ஸியில் போடுவார்கள், அது மாவாகாது, விழுதாகும். காய்ந்த பாதாமையே போட்டு, நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு தடவையும் ஒரு சுற்று மட்டும் ஓட்டிச் சலிக்க வேண்டும். ஜாரின் ஓரத்தில் மாவு அப்பிக்கொள்ள ஆரம்பித்தால் எண்ணெய் கக்குகிறது என்று அர்த்தம், உடனே நிறுத்துங்கள். தோலோடு அரைத்தால் நிறம்தான் மங்கும். மிச்ச மாவை ஃபிரிட்ஜில் வையுங்கள், ராயபுரம், காசிமேடு கடல் காற்றில் வெளியே வைத்தால் சீக்கிரம் சிக்கு வாடை வந்துவிடும்.

பாதாம் விலைக்குப் பயந்து தேங்காய் மாவுக்கு மாறினால் அதே அளவு போடாதீர்கள். அது ஈரத்தை அப்படியே குடித்துவிடும், ஒரு முட்டைக்கு 1 மேசைக்கரண்டி போதும். கொப்பரையைத் துருவி அரைப்பது தேங்காய் மாவு ஆகாது, எண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சுவதுதான் அந்த மாவு.

கோதுமையில் குளூட்டன் செய்கிற வேலையை இதில் முட்டை செய்கிறது, அதனால் பிசைவதும் மாவை மூடி வைப்பதும் வீண். கலக்கி வைத்துவிட்டு மெட்ரோ வாட்டர் லாரி வந்தது என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினால், திரும்புவதற்குள் பேக்கிங் பவுடர் உண்டாக்கிய வாயு பாதி போயிருக்கும். அந்தப் பவுடரிலும் பெரும்பாலும் சோள மாவு கலந்திருக்கும், டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். தானியம் துளியும் கூடாது என்றால் இரண்டு சிட்டிகை ஆப்ப சோடாவும் முக்கால் டீஸ்பூன் எலுமிச்சைச் சாறும் போதும். சோடா கூடினால் சோப்பு வாசனைதான்.

மைக்ரோவேவ் இல்லையா? சின்ன வாணலியில் நெய் தடவி, சிம்மில், மூடி போட்டு வேகவிட்டுத் திருப்புங்கள். தீயைக் கூட்டினால் அடி கருகும், நடு சொதசொதவென்று நிற்கும், பாதாம் அவ்வளவு சீக்கிரம் தீயும். சுடச்சுட வெட்டவும் கூடாது, ஐந்து நிமிடம் ஆறட்டும்.

நேற்று வைத்த வஞ்சிரக் குழம்பைத் தொட்டுக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் உப்பை இன்னொரு சிட்டிகை கூட்டுங்கள், பாதாம் லேசாக இனிக்கும்.