வளிமண்டல அழுத்த மின்னிறக்கம் நுண்துகளைத் தொடும் இடத்தைக் கணினியில் கணிப்பது எப்படி

வளிமண்டல அழுத்தத்தில் உண்டாகும் பிளாஸ்மா (எலக்ட்ரான்களும் அயனிகளும் கலந்த வாயு), ஒரு நுண்துகளையோ மின்காப்புப் பரப்பையோ அடையும்போது நடப்பதைக் கணிக்க முற்படுபவர், துகளை எந்த ஆயத்தொகுதியில் வரையப்போகிறோம் என்பதையே முதலில் முடிவு செய்ய வேண்டும். சீரான மின்புலத்தில் உள்ள அலுமினாக் கோளத்தின் ஒப்புமை விடுதிறன் (மின்புலத்தில் முனைவுறும் தன்மையின் அளவு) 9 எனில், அதன் முனையில் புலம் ஏறத்தாழ 2.45 மடங்காகும். அதே கோளத்தை இருபரிமாணக் கார்ட்டீசியன் தளத்தில் வட்டமாக வரைந்தால், நிரல் அதை முடிவில்லாத உருளையாகவே எடுத்துக்கொள்ளும், பெருக்கமும் 1.8 மடங்காகக் குறைந்துவிடும். எலக்ட்ரான் மோதி வாயுவை அயனியாக்கும் அளவைக் குறிக்கும் அயனியாக்கக் குணகம் புலத்தோடு மிகச் செங்குத்தாக உயர்வதால், துகளருகே மின்னிறக்கம் தொடங்குமா என்பதே இந்த வேறுபாட்டால் மாறக்கூடும். ஆகவே தனித்துகளை அச்சுச் சமச்சீர் ஆயத்தில், அச்சின் மேலேயே வையுங்கள். அச்சிலிருந்து விலகினால் அது வளையமாகிவிடும்.

அறை வெப்பநிலைக் காற்றில் மூலக்கூறுகளின் சராசரி மோதலிடைத் தூரம் ஏறத்தாழ 70 நானோமீட்டர்தான் என்பதால், பத்து மைக்ரோமீட்டருக்கு மேற்பட்ட துகள்களுக்குப் எலக்ட்ரான்களையும் அயனிகளையும் தனித்தனியே பின்தொடராமல் தொடர்ச்சியான பாய்மமாகக் கருதும் பாய்ம மாதிரி பெரும்பாலும் போதும். எலக்ட்ரான், அயனி ஆகியவற்றின் அடர்த்தி மாற்றத்தைச் சொல்லும் தொடர்ச்சிச் சமன்பாடுகளை, மின்னூட்டத்திலிருந்து மின்னழுத்தத்தைத் தரும் பாய்சான் சமன்பாட்டோடு இணைத்துத் தீர்க்க வேண்டும். எலெக்ஸ்கேட் (LXCat) என்னும் இணையத் தரவுத்தளத்தின் மோதல் குறுக்குவெட்டுகளை (மோதல் நிகழும் வாய்ப்பின் அளவுகளை), எலக்ட்ரான்களுக்கான போல்ட்ஸ்மான் சமன்பாட்டைத் தீர்க்கும் போல்சிக்+ (BOLSIG+) நிரலில் இட்டு, எலக்ட்ரான் நகர்வு, அயனியாக்கம் ஆகியவற்றின் குணகங்களைப் பெறலாம். அவற்றைப் புலத்தைக் கொண்டு அட்டவணைப்படுத்துவதைவிட எலக்ட்ரானின் சராசரி ஆற்றலைக் கொண்டு அட்டவணைப்படுத்துவது நல்லது. பரப்பை ஒட்டிப் புலம் திடீரென மாறுவதால், அங்கே முதல் முறை தடுமாறும்.

வலைக்கண்ணியின் அளவை ஊகிக்கத் தேவையில்லை. எலக்ட்ரான் அடர்த்தி கன மீட்டருக்கு 10²⁰ ஆகவும் எலக்ட்ரான் வெப்பநிலை 3 எலக்ட்ரான் வோல்ட்டாகவும் இருந்தால், பிளாஸ்மா மின்புலத்தை மறைக்கும் தொலைவான டெபை நீளம் ஏறத்தாழ 1.3 மைக்ரோமீட்டர், எனவே துகளின் பரப்பில் ஒரு மைக்ரோமீட்டருக்குக் குறைவான கண்ணிகளை அமைத்து, விலக விலகப் பெரிதாக்கலாம். அதே அடர்த்தியில், மின்னூட்டச் சமனின்மை தணிய எடுக்கும் மின்னூட்டத் தளர்வு நேரம் பத்து பிக்கோநொடி அளவிலானது. முந்தைய கணத்தின் மதிப்புகளை மட்டும் கொண்டு அடுத்ததைக் கணிக்கும் வெளிப்படை முறையில் காலப்படி இதை மீறினால் கணிப்பு சிதறும். பாய்சான் சமன்பாட்டை, அடுத்த கணத்தின் மின்னூட்டத்தை முன்கூட்டியே மதிப்பிட்டுச் சேர்க்கும் அரை உள்ளார்ந்த முறையில் எழுதினால் இக்கட்டுப்பாடு தளர்கிறது.

முடிவை உண்மையில் நிர்ணயிப்பது எல்லை நிபந்தனைதான். மின்காப்புத் துகளின் ஒவ்வொரு பரப்புத் துண்டிலும் வந்துசேரும் எலக்ட்ரான், அயனிப் பாயங்களைக் காலத்தில் தொகையிட்டு மேற்பரப்பு மின்னூட்டமாகச் சேமித்து, அதையே காஸ் விதிப்படி பரப்பின் இருபுறமும் மின்புலத்தில் ஏற்படும் தாவலாகப் பாய்சான் சமன்பாட்டுக்குத் திருப்பித் தர வேண்டும். தனித்து நிற்கும் உலோகத் துகளுக்கோ பரப்பு முழுவதும் ஒரே மின்னழுத்தம்தான். அதன் மதிப்பு, துகள் பெற்ற மொத்த மின்னூட்டத்திலிருந்தே வரவேண்டும். அந்த மின்னழுத்தத்தைச் சுழியமாக நிறுத்திவிடுவது, துகளைப் புவியோடு இணைப்பதற்குச் சமம். பரப்பில் மோதும் ஓர் அயனிக்கு எத்தனை எலக்ட்ரான்கள் வெளிவரும் என்பதைக் குறிக்கும் இரண்டாம்நிலை எலக்ட்ரான் உமிழ்வுக் குணகத்தைத் துல்லியமாக அறிவது அரிது. இரண்டு மதிப்புகளில் ஓட்டிப் பாருங்கள்.

காற்றில் ஒளி அயனியாக்கத்தை (மின்னிறக்கம் உமிழும் ஒளி மூலக்கூறுகளை அயனியாக்குவதை) ஹெல்ம்ஹோல்ட்ஸ் சமன்பாடுகளால் கணிப்பது மலிவானது. ஆனால் அம்முறை துகளின் நிழலைச் சரிவரக் காட்டாது. துகளுக்குப் பின்புறம் எதிர்பாராத எலக்ட்ரான்கள் முளைத்தால் முதலில் இதையே சந்தேகியுங்கள்.

பிளாஸ்மாவைச் சேர்ப்பதற்கு முன் வெறும் புலத்தை மட்டும் தீர்த்து 2.45 கிடைக்கிறதா எனப் பாருங்கள். பிறகு வெளிச்சுற்றில் ஓடிய மின்னூட்டத்தையும் கணக்கில் கொண்டு மொத்த மின்னூட்டம் காக்கப்படுகிறதா எனச் சோதித்து, கண்ணியைப் பாதியாக்கி மீண்டும் ஓட்டுங்கள். பல துடிப்புகளைக் கணிப்பவர்கள், முதல் துடிப்பு விட்டுச்சென்ற மேற்பரப்பு மின்னூட்டத்தை அழிக்காமல் இரண்டாவதைத் தொடங்க வேண்டும்.