கம்ப்யூட்டர் இரைச்சலைக் குறைக்கப் போய் காசைக் கரைக்கும் தவறுகள்

கோடை வந்தால் போதும், வீட்டு கம்ப்யூட்டர் சத்தத்துக்கு வழி கேட்டு யாராவது வந்துவிடுகிறார்கள். ஆரம்பத்தில் நான் செய்த தவறுகளையே அவர்களும் செய்திருப்பார்கள். தூசி தட்டாதது, ஃபேனைத் திருப்பி மாட்டியது, வயர் இறக்கையில் உரசுவது எல்லாம் கேபினட் கதவைத் திறந்ததுமே தெரிந்துவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

எது கத்துகிறது என்று பார்க்காமல் வாங்குவது

கேம் ஆடும்போது மட்டும் இரைச்சல் என்றால் பெரும்பாலும் அது கிராஃபிக்ஸ் கார்டு. கேபினட் ஃபேனை மாற்றி ஒன்றும் ஆகாது. சந்தேகம் இருந்தால் பக்கக் கதவைக் கழற்றி, கேபினட் ஃபேனின் நடுக்குமிழை விரல் நுனியால் மெதுவாக அழுத்தி ஒரு நொடி நிறுத்துங்கள். இறக்கையில் கை படக்கூடாது. சத்தம் அப்படியே இருந்தால் அந்த ஃபேனுக்குச் செலவழிக்க வேண்டாம்.

வேகத்தை விட்டுவிட்டு ஃபேனை மாற்றுவது

இதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவர் சேர்த்து வைத்த பணத்தில் 8,000 ரூபாய்க்கு மேல் கொடுத்து, பெயர் பெற்ற ஃபேன் நான்கு வாங்கி மாட்டினார். "அண்ணா, பழசுக்கும் இதுக்கும் வித்தியாசமே தெரியல" என்று போன் செய்தார். கடையில் கேட்டதற்கு, இதைவிட விலை கூடின மாடலுக்குப் போகச் சொல்லியிருக்கிறார்கள்.

திறந்து பார்த்தேன். விளக்கு எரியும் பழைய ஃபேன்கள் பவர் சப்ளையிலிருந்து மின்சாரம் மட்டும் கொண்டுவரும் மோலெக்ஸ் வயரில் நேராக மாட்டியிருந்தவை. குறைந்த விலை கேபினட்டுகள் பலவும் அப்படித்தான் வருகின்றன. தம்பி ஒரு மாற்று வயர் வாங்கி, புதிய நான்கையும் அதே மோலெக்ஸில் செருகியிருந்தார். அந்த வழியில் எப்போதும் 12 வோல்ட்தான். வெறும் டெஸ்க்டாப் திரையில் நிற்கும்போதும் நான்கும் 2000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 2000 சுற்று) சுற்றிக்கொண்டிருந்தன. மெதுவாக ஓடச் சொல்ல ஆளே இல்லை. சில நூறு ரூபாய்க்கு, ஒரு இணைப்பை நான்காகப் பிரிக்கும் வயர் வாங்கி நான்கையும் மதர்போர்டில் மாட்டினோம். 800 ஆர்பிஎம்முக்கு இறங்கியதும் அறையின் சீலிங் ஃபேன் சத்தம் கேட்க ஆரம்பித்தது. பழைய ஃபேன்களுக்கு மதர்போர்டில் செருகும் முனை இருந்திருந்தால் இந்தச் செலவில் பெரும்பகுதி மிச்சம்.

ஒரே ஃபேனின் வேகத்தைப் பாதியாக்கினால் காற்றும் பாதியாகும். ஆனால் சத்தம் ஏறக்குறைய 15 டெசிபல் குறையும். 10 டெசிபல் குறைந்தாலே காதுக்குப் பாதி சத்தமாகத்தான் தோன்றும். எந்த நிறுவனத்தின் பெயரும் இவ்வளவு பெரிய வித்தியாசத்தைத் தராது.

மதர்போர்டில் மாட்டிய பிறகும் ஒரு பொறி உண்டு. செருகும் முனையில் 3 பின் உள்ள ஃபேனை வோல்டேஜைக் குறைத்துத்தான் மெதுவாக்க முடியும். 4 பின் ஃபேனுக்கு வேகக் கட்டளை நான்காவது கம்பியில் போகும். 3 பின் ஃபேன் மாட்டிய இடம் பயாஸில் (கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் திறக்கக்கூடிய மதர்போர்டின் செட்டிங்ஸ் திரை) பிடபிள்யூஎம், அதாவது 4 பின் ஃபேனுக்கான முறை என்று இருந்தால் 12 வோல்ட் முழுதாகப் போய்க்கொண்டே இருக்கும். அதை டிசி, அதாவது வோல்டேஜைக் குறைக்கும் முறை என்று மாற்றுங்கள். பணம் எடுக்கும் முன் பயாஸைத் திறந்து, ஒவ்வொரு ஃபேனும் என்ன ஆர்பிஎம்மில் ஓடுகிறது என்று பாருங்கள். அங்கே எண்ணே வராத ஃபேன் மோலெக்ஸில் மாட்டியதாக இருக்கலாம், அதை முதலில் சந்தேகப்படுங்கள்.

குளிர்நாட்டு வீடியோவின் அமைப்பை அப்படியே போடுவது

21 டிகிரி அறையில் உட்கார்ந்து, ப்ராசஸர் 45 டிகிரியைத் தொட்டதிலிருந்து ஃபேன் வேகம் எடுக்கட்டும் என்கிறார் வீடியோக்காரர். நம் ஊரில் மே மாதம் ஏசி இல்லாத அறை 34, 35 டிகிரி. அறை எவ்வளவு கூடுகிறதோ, ஏறக்குறைய அதே அளவு ப்ராசஸரும் கூடும். சும்மா இருக்கும்போதே 50 தாண்டும். அவருடைய அமைப்பில் நம் ஃபேன் நாள் முழுக்க வேகமெடுத்தே ஓடும். ப்ராசஸர் 60 டிகிரி வரை 35 சதவீத வேகம், 75-இல் 60 சதவீதம், 85-இல் முழு வேகம் என்று தொடங்கிப் பாருங்கள்.

ப்ரவுசரைத் திறந்ததுமே வெப்பம் குதித்து இறங்கும். ஒவ்வொரு குதிப்புக்கும் ஃபேன் ஏறி இறங்குவதுதான் காதைக் குத்துகிறது, ஒரே சீரான சத்தம் அவ்வளவு உறுத்தாது. வேகம் ஏறுவதற்குத் தாமதம் வைக்கும் வசதி பல பயாஸ்களில் இருக்கிறது. சில நொடிகள் வையுங்கள்.

சத்தம் குறையட்டும் என்று ஃபேன்களைக் கழற்றுவது

ஒரே மாதிரி இரண்டு ஃபேன் ஒன்றாக ஓடினால் 3 டெசிபல்தான் கூடும். ஒன்றை விரட்டி ஓட்டுவதைவிட இரண்டை மெதுவாக ஓட்டுவது அமைதி.

பெட்டியில் அச்சிட்ட டெசிபலை ஒப்பிடுவது

அளக்கும் முறை நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு. ஒப்பிடாதீர்கள்.

கரகரக்கும் ஃபேனுக்கு எண்ணெய் விடுவது

கொஞ்ச நாள்தான் தாங்கும். மாற்றிவிடுங்கள்.

பவர் சப்ளையைத் திறப்பது

வேண்டவே வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்தேக்கிகளில் ஆபத்தான அளவு மின்சாரம் தேங்கியிருக்கும். அதன் ஃபேன் கத்தினால் வாரண்டிக்கு அனுப்புங்கள். வாரண்டி முடிந்திருந்தால் முழுதாக வேறொன்று வாங்குங்கள்.