ஊசி போடாமல் மூளை ரத்த ஓட்டத்தை எம்ஆர்ஐயில் அளப்பது எப்படி?

படத்தில் ரத்தத்தை எடுத்துக்காட்ட ஊசியில் ஏற்றும் கான்ட்ராஸ்ட் மருந்து எதுவும் இல்லாமலே இதைச் செய்யலாம். கழுத்து வழியாக மேலே ஏறும் ரத்தத்தில் உள்ள தண்ணீரின் காந்தத் திசையை ரேடியோ அலையால் புரட்டிவிட்டு, அந்த ரத்தம் மூளைக்குப் போய்ச் சேரும்வரை பொறுத்து ஒரு படம், புரட்டாமல் இன்னொரு படம். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் மிஞ்சுவது ரத்தம் கொண்டுவந்த சிக்னல். 1992-இல் வந்த இந்த முறைக்கு ஏஎஸ்எல் (ஆர்ட்டீரியல் ஸ்பின் லேபிளிங்) என்று பெயர், ரத்தத்தைப் புரட்டுவதைத்தான் லேபிள் என்கிறார்கள். தொல்லை என்னவென்றால், அந்த மிச்சம் ஒரு சதவீதம்கூடத் தேறாது. அதனால் பட்டனை அமுக்குவதற்கு முன்னால் செய்வதுதான் முக்கால்வாசி வேலை.

முதலில் படுக்கப்போகிறவரிடம் காபி குடித்தீர்களா என்று கேளுங்கள். விளையாட்டில்லை, கஃபீன் மூளையின் ரத்த ஓட்டத்தைக் கால்வாசி அளவுக்குக்கூடக் குறைத்துவிடும். பயத்தில் வேகவேகமாக மூச்சு வாங்கினால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து குழாய்கள் சுருங்கும், எண்ணும் இறங்கும். அதே ஆளை ஆறு மாதம் கழித்து மறுபடி எடுப்பீர்கள் என்றால் இதையெல்லாம் குறித்து வையுங்கள்.

அப்புறம் புரட்டும் இடம். கழுத்தின் கரோட்டிட், வெர்டிப்ரல் குழாய்கள் நேராக ஓடும் உயரத்தைச் சின்னதாக ஓர் ஆஞ்சியோ (ரத்தக் குழாய்களைக் காட்டும் படம்) எடுத்துப் பார்த்து, அவற்றுக்குக் குறுக்காக ரத்தம் புரளும் லேபிள் தளத்தை வையுங்கள். பக்கத்தில் பல்லில் கட்டிய உலோகமோ ஸ்டென்ட்டோ இருந்தால் ஒரு குழாயின் ரத்தம் சரியாகப் புரளாமல், அது போகும் பகுதி மொத்தமும் இருட்டாக வரும், அதைப் பார்த்து அடைப்பு என்று நினைத்துவிடக் கூடாது.

காத்திருக்கும் நேரத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள். 2015-இல் வந்த பொதுப் பரிந்துரைப்படி லேபிள், அதாவது ரத்தத்தைப் புரட்டிக்கொண்டே இருக்கும் நேரம், 1800 மில்லிசெகண்ட். பிறகு காத்திருப்பு குழந்தைகளுக்கு 1500, 70 வயதுக்குக் கீழ் நலமாக இருப்பவர்களுக்கு 1800, அதற்கு மேல் வயதானவர்களுக்கும் நோயாளிகளுக்கும் 2000. குறைவாக வைத்தால் ரத்தம் இன்னும் குழாயிலேயே நிற்கும், படத்தில் புழு நெளிவது போல வெள்ளைக் கோடுகளும் சுற்றிலும் இருட்டும் தெரியும். கூட்டிக்கொண்டே போனால் சிக்னல் தேய்ந்துவிடும், ஏனென்றால் புரட்டிய காந்தத் திசை பழையபடி திரும்பும் வேகத்தைச் சொல்லும் டி1, 3 டெஸ்லா எம்ஆர்ஐயில் ரத்தத்துக்கு வெறும் 1650 மில்லிசெகண்ட்.

லேபிள் எதுவும் இல்லாமல், பேக்ரவுண்ட் சப்ரஷனை (அசையாத திசுவின் சிக்னலை அடக்கிவைக்கும் அமைப்பு) அணைத்து, ஒப்பிட்டுப் பார்க்க முழுச் சிக்னலைத் தரும் எம்-ஜீரோ படம் ஒன்றையும் மறக்காமல் எடுங்கள். அது இல்லாவிட்டால் எது கூட, எது குறைவு என்று சொல்லலாமே தவிர மில்லிலிட்டர் கணக்கு வராது.

கணக்கை மென்பொருளே போட்டுவிடும், ஆனாலும் ஒரு தடவை கையால் போட்டுப் பாருங்கள். லேபிள் 1800, காத்திருப்பு 1800 என்ற அமைப்பில், புரட்டும் திறன் 0.85, பார்ட்டிஷன் கெழு (தண்ணீர் திசுவுக்கும் ரத்தத்துக்கும் இடையே பிரியும் விகிதம்) 0.9 என்று வைத்தால், கழித்து வந்த சிக்னல் எம்-ஜீரோவில் 0.8% இருக்கும் இடத்தில் 100 கிராம் திசுவுக்கு நிமிடத்துக்குச் சுமார் 69 மில்லி வரும். சாம்பல் பகுதிக்கு இது நியாயமான எண். வெள்ளைப் பகுதியில் 20-ஐ ஒட்டித்தான் இருக்கும், ரத்தமும் தாமதமாக வரும், அங்கே கிடைக்கும் எண்ணை நான் பெரிதாக நம்புவதில்லை.

வண்ண வரைபடத்தைப் பார்க்கும் முன் கழித்த படத்தை அப்படியே கறுப்பு வெள்ளையில் பாருங்கள். மூளையின் ஓரம் பளிச்சென்று வளையமாக இருந்தால் தலை அசைந்திருக்கிறது, மறுபடி எடுங்கள், மொத்தமே ஐந்து நிமிட வேலைதான். ரத்தசோகை உள்ளவருக்கு ரத்தத்தின் டி1 நீளும். அதே 1650-ஐப் போட்டால் எண் உண்மையைவிட உயர்ந்து வரும், ஹீமட்டோகிரிட்டை (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) கேட்டு வாங்கித் திருத்துங்கள்.

பக்கவாதம் என்று அவசரமாக ஆள் வந்தால் மட்டும் இதைக் கட்டிக்கொண்டு அழ வேண்டாம். நேராக சிடி பெர்ஃப்யூஷன், அதாவது கான்ட்ராஸ்ட் ஏற்றி சிடியில் ரத்த ஓட்டத்தைப் பார்ப்பது. ரத்த ஓட்டம் மறுபக்கத்தில் இருப்பதில் 30 சதவீதத்துக்கும் கீழே போன இடம் செத்துப்போன பகுதி, ரத்தம் வந்துசேரும் தாமதத்தைச் சொல்லும் டிமேக்ஸ் 6 நொடியைத் தாண்டிய மற்ற இடம் ஆபத்தில் தவிக்கும் பகுதி என்று பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள், முடிவும் சில நிமிடங்களில் கையில் இருக்கும்.